ஆப்ஜ்டம்ப்போடு ஆறு வருடம்

நாஸ்ம் என்ற அசெம்பிளரில் எழுதும் குட்டி அசெம்பிளி புரோகிராம்களை, பைட்டுகளிலிருந்து மறுபடி கட்டளைகளாகப் பிரித்துப் பார்க்க ஆறு வருடமாக எனக்கு ஆப்ஜ்டம்ப் என்ற டிஸ்அசெம்பிளர்தான். பின்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்போடு சேர்ந்தே வந்துவிடுகிறது, தனியாக எதையும் தேடி நிறுவ வேண்டாம். ஆரம்பத்தில் குழப்பியது அதன் ஏடி அண்ட் டி நடை: எழுதியதற்குத் தலைகீழாக மூலம் முன்னால், இலக்கு பின்னால், போதாக்குறைக்கு எங்கு பார்த்தாலும் சதவீதக் குறி. மைனஸ் பெரிய எம் போட்டு இன்டெல் என்று கொடுத்தால் சரியாகிவிடும், நான் அதை ஏலியாஸாக, அதாவது சுருக்கப் பெயராகவே வைத்துவிட்டேன்.

உண்மையில் படுத்தியெடுத்தது வேறு. ஒருமுறை சோம்பலில் ஹலோ என்ற ஆங்கில ஸ்ட்ரிங்கை, கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட் செக்‌ஷனிலேயே, புரோகிராமை முடிக்கும் எக்ஸிட் சிஸ்காலுக்கு அடியில் போட்டுவிட்டேன். புரோகிராம் ஜோராக ஓடுகிறது, ஆனால் பிரித்துப் பார்த்தால் நான் எழுதவே எழுதாத இன்ஸ், அவுட்ஸ் கட்டளைகள் (போர்ட்டில் படிப்பதும் எழுதுவதும்) வரிசையாக நிற்கின்றன! பைட்டுகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது, பதினாறடிமான எண்களில்: 48, 65, 6சி, 6சி, 6எஃப். நமக்கு அது ஹலோ, டிஸ்அசெம்பிளருக்கோ ஒரு ரெக்ஸ் முன்னொட்டு, ஒரு ஜிஎஸ் முன்னொட்டு (அடுத்து வரும் கட்டளையின் பொருளை மாற்றும் பைட்டுகள்), இரண்டு இன்ஸ், ஒரு அவுட்ஸ். ஆப்ஜ்டம்ப் மேலிருந்து கீழே நேராகப் படித்துக்கொண்டே போகும், ஓட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றெல்லாம் பார்க்காது. லேபிள் இருந்தால் அங்கே மறுபடி நிதானத்துக்கு வரும். நான் ஸ்ட்ரிப் செய்து லேபிள்களை நீக்கியிருந்தேன், அதனால் ஸ்ட்ரிங் கடைசியில் இருந்த புதுவரி பைட் 'ஆர்' (OR) கட்டளையாகி அடுத்த ஃபங்ஷனின் தலையையும் விழுங்கிவிட்டது. ஸ்ட்ரிங்கை, படிக்க மட்டுமான தரவுக்குரிய ரோடேட்டாவுக்கு மாற்றினேன், எல்லாம் அடங்கியது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. செக்‌ஷன் பெயரில் டெக்ஸ்ட்டுக்கு முன்னால் புள்ளி விட்டுப்போனால் நாஸ்ம் வாயே திறக்காது, அதை வேறு ஏதோ செக்‌ஷன் என்று நினைத்து இயக்க அனுமதி இல்லாமல் வைத்துவிடும். ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட். மைனஸ் சின்ன டி போட்டால் ஒரு கட்டளைகூட வராது, அது கோட் என்று குறித்த செக்‌ஷனை மட்டும்தான் தொடும். இரண்டு மணிநேரம் போனபிறகு பெரிய டி போட்டுப் பார்த்தேன், அத்தனையும் பத்திரமாக இருந்தது. இப்போதெல்லாம் முதலில் ரீட்எல்ஃப் என்ற கருவியில் எக்ஸ் (இயக்க அனுமதி) கொடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

அப்புறம், மூவ் ஆர்ஏஎக்ஸ் 1 என்று எழுதியது மூவ் ஈஏஎக்ஸ் 1 என்று வந்தால் பதற வேண்டாம். ஈஏஎக்ஸ் என்பது 64 பிட் ஆர்ஏஎக்ஸ் ரிஜிஸ்டரின் கீழ்ப் பாதி, அதில் எழுதினால் மேல் 32 பிட் தானாகப் பூஜ்ஜியமாகிவிடும் என்பதால் நாஸ்ம் 5 பைட்டில் முடித்துக்கொள்கிறது.