40 எரிடானி பி: ஆறு அங்குலத் தொலைநோக்கிக்கு எட்டும் வெண்குறுமீன்

வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன், பார்க்க ஆசை என்று சொன்னால் எல்லோரும் கைகாட்டுவது சிரியஸ் விண்மீனின் துணையான சிரியஸ் பி-யைத்தான். அதை நம்பித் தொலைநோக்கியைத் திருப்பினால் கண் கூசுவதுதான் மிச்சம். ஆறு அங்குல டாப்சோனியனில் (எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) பல ஆண்டுகளாக நான் தேடிப் போவது, எரிடானஸ் விண்மீன் குழுவிலுள்ள 40 எரிடானி என்ற மும்மீன் தொகுதியின் வெண்குறுமீனான 40 எரிடானி பி.

விண்மீனின் பிரகாசத்தைச் சொல்லும் பொலிவெண்படி பார்த்தால் சிரியஸ் பி-தான் எளிதாகத் தெரிய வேண்டும். அதன் எண் 8.4, இதனுடையது 9.5, எண் கூடக் கூட ஒளி குறையும். ஆனால் சிரியஸ் பி-யை ஒட்டி, இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீன் நிற்கிறது. இரண்டும் அதிகபட்சம் விலகி நின்றாலும் இடைவெளி 11 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) சொச்சம்தான். 40 எரிடானியின் முதன்மை விண்மீனோ வெறும் 4.4, இடைவெளி 83 வில்விநாடி. அண்டை வீட்டுக்காரர் அடக்கமானவர்.

ஓரியன் குழுவின் பிரகாசமான விண்மீன் ரிகெலிலிருந்து ஏறக்குறைய நேர் மேற்கே 15 பாகை நகர்த்துங்கள். ஒரு பாகை இடைவெளியில் இரண்டு சுமாரான விண்மீன்கள் வரும். தென்கிழக்கில் இருப்பதுதான் நம்முடையது. 25 மி.மீ. ஐபீஸில் (கண்ணருகு வில்லை), 48 மடங்கில், ஆரஞ்சு நிற முதன்மை விண்மீனும் அதற்குக் கிழக்கே ஊசி முனை போன்ற புள்ளியும் தெரியும். நீலமாக மின்னும் என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்; இவ்வளவு மங்கலில் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, சாம்பல் பூத்த வெண்மைதான்.

அது உண்மையிலேயே வெள்ளை என்பதை நிறமாலை சொன்னது. 1910-இல் வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் கேட்க, ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியமினா ஃபிளெமிங் நிறமாலைப் படத் தட்டுகளைப் பார்த்து 'ஏ' வகை, அதாவது சூடான வெள்ளை விண்மீன் என்றார். இவ்வளவு பக்கத்தில், 16 ஒளியாண்டுத் தொலைவில், வெள்ளையாகக் கொதிக்கும் விண்மீன் ஏன் இத்தனை மங்கல்? ஆள் குள்ளம் என்பதால்தான். சூரியனில் பாதிக்குச் சற்று மேலான நிறை, பூமியைவிடக் கொஞ்சமே பெரிய உருண்டைக்குள் அடங்கியிருக்கிறது. மேற்பரப்பு வெப்பம் சுமார் 17,000 கெல்வின்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். தை, மாசி முன்னிரவுகளே தோது. 10x50 பைனாகுலரில் ஊருக்குள்ளிருந்து தெரிந்ததில்லை. பி-யை ஒட்டியுள்ள செங்குறுமீன் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) சி, பொலிவெண் 11.2, தெருவிளக்குக்கு முன்னால் தோற்றுவிடுகிறது. ஊரைத் தாண்டி, நிலா இல்லாத இரவில், 120 மடங்கில், கடைக்கண்ணால் பார்த்தால் வந்து வந்து மறையும். பி-க்காக மட்டும் எட்டு அங்குலம் வாங்க வேண்டியதில்லை; சி-யும் வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் முதலில் இருட்டான இடத்துக்குப் போய் வாருங்கள்.