லூசீனின் பூலியன்குவெரி: ஷுட் என்ற சொல்லோடு ஏழு வருடம்

எங்கள் ஆவணத் தேடலுக்கு லூசீன் என்ற தேடல் மென்பொருள் நூலகத்தை எடுத்துக்கொண்டு ஏழு வருடம் ஓடிவிட்டது. 6ஆம் பதிப்பில் ஆரம்பித்தோம், இப்போது 9இல் இருக்கிறோம். இயந்திரப் பராமரிப்பு அறிக்கைகள், கையேடுகள், புகார்க் குறிப்புகள் என்று பல லட்சம் ஆவணங்கள். தேடுகிறவர்கள் ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவதே இல்லை. இந்தச் சொல் இருக்க வேண்டும், அது இருந்தால் நல்லது, ரத்தான அறிக்கை வேண்டாம், இந்தப் பிரிவுடையது மட்டும் போதும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அத்தனையையும் ஒரே குவெரியாக, அதாவது ஒரே தேடல் கேள்வியாக, கட்டித் தருவது பூலியன்குவெரி என்ற கிளாஸ். வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. பட்ட பாடெல்லாம் பெரும்பாலும் ஷுட் என்ற ஒரே சொல்லால்தான்.

பூலியன்குவெரிக்குள் போடும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் நான்கில் ஒரு முத்திரை குத்த வேண்டும்: மஸ்ட், ஷுட், மஸ்ட் நாட், ஃபில்டர் (பொருந்தியே ஆக வேண்டும், ஆனால் முடிவுகளின் வரிசையைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணைக் கூட்டாது). பள்ளிக்கூடத்தில் படித்த ஆண்ட், ஆர், நாட் மூன்றுக்கும் இவை நேர் ஜோடி என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். மஸ்ட் ஏறத்தாழ ஆண்ட்தான், அதில் வம்பில்லை. ஷுட்டை ஆர் என்று படித்ததுதான் தப்பு. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து ஷுட்டின் பொருள் மாறும். ஒரு குவெரியில் ஷுட் மட்டுமே இருந்தால், அவற்றில் ஒன்றாவது பொருந்தியாக வேண்டும். அதே குவெரியில் ஒரு மஸ்டோ ஃபில்டரோ நுழைந்துவிட்டால், ஷுட் எல்லாம் 'இருந்தால் நல்லது' ஆகிவிடும். பொருந்தினால் மதிப்பெண் கூடும், பொருந்தாவிட்டாலும் ஆவணம் முடிவில் வந்துவிடும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 'கசிவு' அல்லது 'அதிர்வு' என்று தேடும் பக்கம் ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு ஷுட், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம், அவரவர் தங்கள் பிரிவின் ஆவணங்களை மட்டுமே பார்க்க வேண்டும் என்று ஒரு தேவை வந்தது. குவெரியைக் கட்டும் அதே நிரலில் ஒரு வரி கூட்டினேன், ஃபில்டர், பிரிவு எண். டெஸ்ட் எல்லாம் பச்சை. முதல் பக்க முடிவுகளும் கச்சிதம். பத்து நாள் கழித்து ஒருவர் கேட்டார், "எதைத் தேடினாலும் ஒரே எண்ணிக்கை காட்டுதே, ஏன்?" கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கசிவும் இல்லை, அதிர்வும் இல்லை. பிரிவு பொருந்திய ஒரே தகுதியில் மதிப்பெண் 0 வாங்கிய ஆவணங்கள் வரிசையாக நின்றன. சொல் பொருந்தியவை மேலே போய்விடுவதால் முதல் பக்கத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எங்கள் டெஸ்ட் இண்டெக்ஸில் இருந்த நான்கு ஆவணங்களிலும் 'கசிவு' இருந்தது என்பது தனிச் சோகம்.

குவெரியை டூஸ்ட்ரிங் போட்டு எழுத்தாக அச்சடித்தபோது வந்தது இது:

கசிவு அதிர்வு #பிரிவு:7

இருந்திருக்க வேண்டியது இது:

+(கசிவு அதிர்வு) #பிரிவு:7

கூட்டல் குறி மஸ்ட், கழித்தல் குறி மஸ்ட் நாட், # ஃபில்டர், குறி எதுவும் இல்லாவிட்டால் ஷுட். இரண்டு ஷுட்டையும் தனி பூலியன்குவெரியில் போட்டு, அந்தப் பொட்டலத்தை மஸ்டாக வெளிக் குவெரியில் சேர்த்தேன், தீர்ந்தது. குறைந்தபட்சம் ஒரு ஷுட் பொருந்த வேண்டும் என்று எண் கொடுக்கும் வசதியும் உண்டு, அதில் 1 வைத்தாலும் சரிதான். ஆனால் நாளைக்கு வேறு யாராவது அதே குவெரியில் இன்னொரு ஷுட் சேர்த்தால் அந்த 1 பொருளிழந்துவிடும், அதனால் பொட்டலம் கட்டுவதுதான் என் வழி. ஐந்து சொல்லில் குறைந்தது மூன்று இருக்கட்டும் என்பது போன்ற தேடலுக்கு மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்துகிறேன். நீளமான புகார் வாசகத்தை அப்படியே ஒட்டித் தேடுபவர்களுக்கு அது அருமையாக வேலை செய்கிறது.

அடித்த வாசகத்தைக் குவெரியாக மாற்றித் தர லூசீனோடு வரும் பழைய குவெரிபார்சரும் இதே குட்டையில் ஊறியதுதான். தேடல் பெட்டியில் அடித்ததை நேரடியாக அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் 'பம்ப் ஆண்ட் அதிர்வு ஆர் கசிவு' என்று அடித்தார், ஆண்டும் ஆரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (சிறிய எழுத்தில் அடித்தால் அவற்றையும் சாதாரணச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும்). பம்ப்பும் அதிர்வும் சேர்ந்தவை, இல்லாவிட்டால் கசிவு என்று அவர் எண்ணம். பார்சர் தந்தது:

+பம்ப் +அதிர்வு கசிவு

அதாவது கசிவு மட்டும் உள்ள ஆவணம் வரவே வராது. ஆண்டுக்கு முன்னுரிமை, ஆருக்குப் பின்னுரிமை என்ற கணக்கெல்லாம் இங்கே இல்லை. ஆண்டைத் தொட்ட சொற்கள் மஸ்ட் ஆகும், மற்றவை ஷுட், அவ்வளவுதான். அடைப்புக்குறி போட்டால் சரியாக வரும். ஆனால் தேடல் பெட்டியில் அடைப்புக்குறி போடுகிற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்போது பார்சரை எடுத்துவிட்டோம். தேர்வுப் பெட்டிகள் வைத்து, குவெரியை நிரலிலேயே கட்டுகிறோம்.

மஸ்ட் நாட்டுக்கு வேறு குணம். அது தானாக எதையும் தேடாது, மற்ற நிபந்தனைகள் கொண்டுவந்ததிலிருந்து கழிக்கும். மஸ்ட் நாட் மட்டும் உள்ள குவெரி பூஜ்யம் தரும். தனியாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். 'ரத்தாகாதவை, அல்லது நான் எழுதியவை' என்று கட்டும்போதுதான் ஏமாற்றும்: உள்ளே இருக்கும் 'ரத்தாகாதவை' பொட்டலம் வெறுமையாகி, நான் எழுதியவை மட்டும் வரும். முடிவு வருகிறதே என்று யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். பொட்டலத்துக்குள் எல்லா ஆவணங்களையும் கொண்டுவரும் மேட்ச்ஆல்டாக்ஸ்குவெரியைச் சேர்த்து, அதிலிருந்து கழிக்க வேண்டும். லூசீன்மேல் கட்டிய எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இதைத் தானே செய்துவிடும். அங்கிருந்து வருபவர்கள் இந்த இடத்தில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள்.

மஸ்டா ஃபில்டரா என்பதில் முதலில் நான் அசட்டையாக இருந்தேன். இரண்டும் பொருந்தியே ஆக வேண்டும், ஃபில்டர் மட்டும் மதிப்பெண்ணில் கைவைக்காது, இவ்வளவுதானே என்று. பிரிவு 3 அல்லது பிரிவு 7 என்ற நிபந்தனையை மஸ்டாகப் போட்டபோது பிரிவு 3இன் ஆவணங்கள் காரணமே இல்லாமல் மேலே ஏறின. மதிப்பெண் எப்படி வந்தது என்று விளக்கும் எக்ஸ்பிளெயின் போட்டுப் பார்த்தேன். பிரிவு 3 சின்னது, ஆவணங்கள் குறைவு. லூசீன் 6இலிருந்து இயல்பாக வரும் பிஎம்25 என்ற மதிப்பெண் கணக்கில் அரிதான சொல்லுக்கு எடை அதிகம். பிரிவு எண்ணும் அதற்கு ஒரு சொல்தானே! ஃபில்டருக்கு மாற்றியதும் அடங்கியது. பிரிவு, வகை, தேதி, அனுமதி நான்கையும் இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஃபில்டரில்தான் போடுகிறேன்.

அனுமதி என்றதும் இன்னொன்று. ஒருவருக்கு எந்தெந்தத் திட்டங்களைப் பார்க்க அனுமதி உண்டோ அத்தனை எண்ணையும் ஷுட்டாக அடுக்கியிருந்தோம். பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர் உள்ளே நுழைந்த அன்று டூமெனிகிளாசஸ் (நிபந்தனைகள் மிக அதிகம்) என்ற பிழை. இயல்பு வரம்பு 1024. வரம்பை 4096 ஆக்கிச் சில மாதம் தள்ளினேன், வெட்கமாகத்தான் இருந்தது. டெர்ம்இன்செட்குவெரி அந்த எண்களை ஒரே நிபந்தனையாக எடுத்துக்கொள்கிறது, வரம்பைப் பழையபடி இறக்கிவிட்டேன்.

நிபந்தனைகளை எந்த வரிசையில் சேர்க்கிறோம் என்பதற்கு மட்டும் கவலையே வேண்டாம். அரிதான சொல்லை முதலில் போட்டால் வேகம் என்று நம்பி ஒரு வாரம் நிரலை மாற்றி எழுதினேன். எது குறைந்த ஆவணங்களைத் தொடும் என்று பார்த்து லூசீனே அதை முன்னால் வைத்துக்கொள்கிறது. வீண் வேலை.

8ஆம் பதிப்புக்கு மாறியபோது மொத்த எண்ணிக்கை திடீரென்று குறைந்து காட்டியது. முதல் பக்கத்துக்கு வர வாய்ப்பில்லாத ஆவணங்களை அது தாண்டிப் போகிறது; 1,000ஐக் கடந்தால் 'குறைந்தது இவ்வளவு' என்றுதான் சொல்லும். சரியான எண் வேண்டும் என்றால் கவுண்ட் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஷுட் நிறைந்த குவெரிகள் இதனால் கண்கூடாக வேகமெடுத்தன, அதனால் புகார் சொல்ல மனம் வரவில்லை.

இன்னும் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. தலைப்பு, உள்ளடக்கம் இரண்டிலும் ஒரே சொல்லைத் தேடும்போது ஷுட் போட்டால் இரண்டு மதிப்பெண்ணும் கூடிவிடும். ஒரே சொல்லைத் தலைப்பிலும் உள்ளேயும் வைத்திருக்கும் ஆவணம், கேட்ட இரண்டு சொல்லும் உள்ளே இருக்கும் ஆவணத்தை முந்திவிடும். அதற்காக டிஸ்ஜங்ஷன்மேக்ஸ்குவெரிக்கு மாறினேன். ஃபீல்டுகளில் பெரிய மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, மற்றதில் ஒரு பங்கை மட்டும் சேர்க்கும். அந்தப் பங்கை 0.1இல் வைத்திருக்கிறேன். 0.3 ஆக்கினால் கையேடுகள் மேலே வரும் என்கிறார் கூட வேலை செய்பவர். வந்தால் புகார்க் குறிப்புகள் கீழே போகும் என்கிறேன் நான். போன வாரமும் இதே பேச்சுதான்.