நாலு இஞ்சி கிரைண்டர்: பெட்டியில் 1050 வொட், உள்ளே எவ்வளவு?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில், நல்ல கம்பனி மெஷினின் பாதி விலைக்கும் கீழே, பேர் தெரியாத கம்பனிகளின் நாலு இஞ்சி கிரைண்டர்கள் (டிஸ்க் மாட்டி இரும்பு, டைல் வெட்டும் கை மெஷின்) அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, வெல்டிங் கடைக்காரரும் 7 பேர்ச் காணியில் வீடு எழுப்பும் மேசன் பாஸும் இதில் கை வைப்பதைக் குறை சொல்ல முடியாது. கேட், கிரில், தகரம், டைல் என்று விட்டு விட்டுச் செய்யும் வேலைக்கு இது போதும். கருங்கல்லையும் கொங்கிரீட்டையும் நாள் முழுக்க அறுக்க நம்பக்கூடாது.

வெளிக்கூடு பழைய நல்ல மெஷின்களின் அதே வடிவம்தான். குறைத்திருப்பது உள்ளே.

வொட் கணக்கைப் பாருங்கள். 1050 வொட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது உண்மையானால் 230 வோல்டில் சுமார் 4.5 அம்பியர் இழுக்க வேண்டும். கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயருக்குள் இருக்கும் ஒரு கம்பியில் மட்டும் மாட்டி (முழு வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம்தான் காட்டும்) இரும்பை அழுத்தி வெட்டும்போது பார்த்தால், 3 அம்பியரைத் தாண்டத் திணறும் மெஷின்கள் உண்டு. அது 700 வொட் கூட இல்லை. மகிட்டா 9553இல் போட்டிருப்பதே 710 வொட்தான். ஆனால் அது தொடர்ந்து வேலை செய்யும்போது இழுக்கும் அளவு. மலிவுப் பெட்டியின் 1050 ஒரு நொடி உச்சத்தில் தொட்டதாகச் சொல்லும் எண்.

ஆயுளைக் குறைக்கும் பெரிய காரணம் மோட்டருக்குள் சுற்றியிருக்கும் கம்பி. மலிவு மெஷின் பலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினியம்தான். அலுமினியம் செம்பைப் போல 61 வீதம் அளவுக்குத்தான் கரண்டைக் கடத்தும். அதே வேலையைச் செய்ய கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 1.6 மடங்கு வேண்டும். ஆர்மேச்சரில் (மோட்டரின் சுற்றும் பகுதி) கம்பி சுற்றும் காடியில் அதற்கு இடம் கிடையாது. எனவே சூடு ஏறுகிறது, கம்பிமேல் பூசிய எனாமல் கருகுகிறது, ஒரு நாள் மணம் வருகிறது, அதோடு சரி. துவாரத்தால் பார்த்துச் செம்பு நிறம் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம், அலுமினியத்துக்கும் அந்த நிறத்திலேயே எனாமல் பூசுகிறார்கள். கம்பி முனையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். கடையில் சுரண்ட விடமாட்டார்கள். அதனால் ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். பாரம் குறைந்ததில் பெரும்பாலும் செம்பும் குறைவு, இரும்புத் தகடும் குறைவு.

பியரிங்கிலும் இதே கதை. கல் தூசுக்கு இரு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வகை வேண்டும். மலிவு மெஷினில் தகர மூடி போட்ட இசட்இசட் வகை வரும். அதற்குள் மாத்தூசி புகுந்து கிறீஸைச் சாந்தாக்கிவிடும். கிழிகிற மாதிரிச் சத்தம் வந்தவுடனே மாற்றினால் மெஷின் பிழைக்கும். விட்டால் ஆர்மேச்சர் ஆடி, சுற்றாமல் நிற்கும் வெளிப்பகுதியான ஸ்டேட்டரில் உரசி இரண்டும் போகும். பழைய பியரிங்கிலேயே எண் இருக்கும் (607, 608, 6201 என்று). அதே எண்ணில் நல்ல கம்பனியின் 2ஆர்எஸ் வாங்கிப் போடுங்கள். சில்லறைக் காசுக்கு இதைவிடப் பெரிய திருத்தம் கிடையாது.

மலைநாட்டில் இன்னும் சில சேர்கின்றன. தோட்டத்து லைனின் கடைசி வீட்டில், பின்னேரம் எல்லாரும் அடுப்பும் கேத்தலும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அப்போது கிரைண்டரை அழுத்தினால் சுற்று குறையும், உள்ளே உள்ள காற்றாடியும் மெதுவாகும், கரண்ட் மட்டும் குறையாது. சூடு போக வழியில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். மெஷினின் சூட்டை எடுத்துப்போகும் காற்றின் அடர்த்தி அங்கே கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மோட்டர்களின் பொதுத் தரக் கணக்கு 1,000 மீட்டர் வரைக்குமானது. குளிர் இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது என்பதால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கனமான வெட்டு முடிந்ததும் உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். ஈரம்தான் பெரிய தொல்லை. மழைக்காலத்தில் சீமெந்து மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த மெஷினைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், சுவிட்சைத் திட்ட வேண்டாம். உள்ளே தண்ணீர் படிந்திருக்கிறது. அடுப்படிச் சூட்டில் ஓர் இரவு காய வைத்துவிட்டுப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் மோட்டர் கம்பி சுற்றும் வைன்டிங் கடைதான்.

ஈரம் டிஸ்க்கையும் கெடுக்கும். நடுவிலுள்ள இரும்பு வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், அது காலாவதித் திகதி. டிஸ்க்கை ஒட்டிப் பிடிக்கும் பிசின் இளகினால் அது ஓடும்போதே பிளக்கும். டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து இஞ்சி டிஸ்க் மாட்டுவது எங்கள் பக்கம் சாதாரணமாகிவிட்டது. நாலு இஞ்சி டிஸ்க்கின் ஓட்டை 16 மி.மீ., ஐந்து இஞ்சியினது 22 மி.மீ.; வாஷர் வெட்டிப் போட்டு மாட்டுகிறார்கள். டிஸ்க் நடுவில் நிற்காமல் அடிக்கும், மெஷினும் சூடாகும், முகத்துக்கும் உத்தரவாதமில்லை.

மலிவு மெஷின்தான் என்று முடிவானால், வாங்கியதும் முன்தலையின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிக் கியரைப் பாருங்கள். பல்லில் தடவியது போல மட்டும் கிறீஸ் இருந்தால், லித்தியம் கிறீஸ் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு வையுங்கள். நிறைத்தால் சூட்டில் உருகி ஆர்மேச்சர் பக்கம் வழியும். காபன் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) தேய்ந்து 5 மி.மீ. ஆகும்போது சோடியாக மாற்ற வேண்டும். ஓடும்போது காபன் உரசும் செம்பு வளையமான கொம்யூட்டேட்டரில் சின்ன நீலப்பொறி வரலாம், நெருப்பு வளையமாகச் சுற்றினால் நிறுத்துங்கள். தள்ளு சுவிட்ச் உள்ள மெஷின் என்றால் கரண்ட் போன உடனே சுவிட்சை ஓஃப் பண்ணும் பழக்கம் கட்டாயம். கரண்ட் வரும்போது கீழே கிடக்கும் கிரைண்டர் தானாக ஓடும்.

பக்கத்து ராக்கையில் இருக்கும் பெட்டரி மெஷின்களில் எழுத்து இன்னும் துணிச்சலானது: 48, 88, 128 வோல்ட் என்று. பெட்டரியைத் திறந்தால் பெரும்பாலும் ஐந்து செல் வரிசை. ஒன்றுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 18. முழுச் சார்ஜில் 21. அதற்கு மேல் எழுதியதெல்லாம் அலங்காரம்.

கடைக்காரரிடம் வொரன்டி எத்தனை மாதம் என்று கேட்பதைவிட, இந்த மொடலுக்கு ஆர்மேச்சரும் சுவிட்சும் காபனும் இப்போது கடையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். சின்ன ஆர்மேச்சரைத் திரும்பச் சுற்றும் கூலி மலிவு மெஷினின் விலையை நெருங்கிவிடும். சாமான் கிடைக்காவிட்டால் அந்த மெஷின் ஒரு முறை கெட்டால் குப்பைதான். கண்டிக்குப் போனால் கிடைக்கும் என்று சொன்னால், பஸ் காசையும் அரை நாள் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.