மோசமான குரூப்பைப் பார்த்து வாங்குங்கள்: ஒரு .22 போல்ட் ரைஃபிளோடு சில வருடங்கள்

புதிதாக .22 (0.22 அங்குல அளவுக் குண்டு சுடும் சிறு ரைஃபிள்) வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: "50 மீட்டரில் என்ன குரூப் போடும்?" அதாவது, ஒரே இலக்கைக் குறிவைத்துச் சுட்டவை அட்டையில் எவ்வளவு நெருக்கமாக விழும் என்று. கேட்டால் போதும், ரேஞ்சில் யாராவது ஒருவர் பர்ஸைத் திறந்து கத்தரித்து வைத்திருக்கும் இலக்கு அட்டைத் துண்டை நீட்டுவார். ஐந்து தோட்டாவும் ஒரே ஓட்டையில் போயிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அவருடைய ரைஃபிள் கண்ட மிக நல்ல நாள். அந்தத் துண்டை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணாதீர்கள். அதே ரைஃபிள் அதே வாரத்தில் போட்ட மிக மோசமான குரூப் எது, அதில் தனியாக விலகிப்போனவை எத்தனை என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்பவரின் ரைஃபிளை நம்பலாம்.

என்னிடம் இருப்பது சிஇசட் 457 வார்மின்ட், .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டா சுடுவது. தடித்த பேரல், வால்நட் கட்டை, எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். வாங்குவதற்கு முன் இதன் மூத்த வடிவமான 455, சாகோ தயாரிக்கும் டிக்கா டி1எக்ஸ், பலர் கைமாறிய ஒரு பழைய அன்ஷுட்ஸ் 64 மூன்றையும் சுட்டுப் பார்த்திருந்தேன். துல்லியத்தில் நான்குக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்ததாகச் சொல்ல மாட்டேன். 457ஐ எடுத்ததற்குக் காரணம் கை சொன்னதுதான். 455இல் போல்ட் (தோட்டாவை ஏற்றி அடைக்கும் உருளை) கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும். 457இல் 60 போதும். தாழ்வாகப் பொருத்திய ஸ்கோப்பில் விரல் இடிக்காது. பாதுகாப்புப் பொத்தானும் திசை மாறிவிட்டது: பழைய 452, 455 இரண்டிலும் பின்னால் இழுத்தால்தான் சுடும், 457இல் முன்னால் தள்ளினால் சுடும். பெரும்பாலான ரைஃபிள்கள் இப்படித்தான் என்பதால், இரண்டு மூன்று துப்பாக்கிகளை மாற்றி மாற்றிக் கையாள்பவர்களுக்கு இது வெறும் வசதியல்ல, பாதுகாப்பு.

இனி தோட்டா. என் கணக்கில் விஷயத்தில் பாதி இதுதான்.

.22 எல்ஆர் 1887இலிருந்து இருக்கிறது. தீப்பற்றும் ரசாயனம் கேஸின் (தோட்டாவின் உலோகக் கூடு) அடியில் உள்ள விளிம்பு மடிப்புக்குள் சுற்றிப் பரவியிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கும்போது பற்றிக்கொள்ளும். சென்டர்ஃபயர் (ஊசி அடியின் நடுவில் அடித்துப் பற்றவைக்கும் தோட்டா) சுடுபவர்கள் பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், குண்டு என்று தேர்ந்து தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். நமக்கு அந்த வழி இல்லை. தொழிற்சாலை கொடுத்ததைத்தான் சுட வேண்டும். விளிம்புக்குள் ரசாயனம் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக, மறுபக்கம் சற்றுக் குறைவாகப் பரவியிருந்தால் வேகம் மாறும். வேகம் மாறினால் உயரம் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 326 மீட்டரில் கிளம்பும் தோட்டாவில் 10 மீட்டர் வேக வித்தியாசம், 50 மீட்டர் தூரத்தில் ஏழெட்டு மில்லிமீட்டர் மேல் கீழாக வந்து நிற்கும். 100 மீட்டரில் அது மூன்று சென்டிமீட்டர். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் (ஐஎஸ்எஸ்எஃப்) 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். எவ்வளவு விலையுயர்ந்த பேரலாக இருந்தாலும் இந்தச் சிதறலை அதனால் சரிசெய்ய முடியாது.

வேகம் அதிகமென்றால் துல்லியம் அதிகம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. .22இல் அது தலைகீழ். 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். போட்டித் தோட்டாக்கள் வேண்டுமென்றே அதற்குக் கீழே, 325 முதல் 330 மீட்டருக்குள் கிளம்புகின்றன. 'ஹை வெலாசிட்டி' என்று எழுதிய பெட்டிகளில் இருப்பவை 380 மீட்டர் வாக்கில் கிளம்பி, போகிற வழியில் ஒலியின் வேகத்துக்கு இறங்குகின்றன. அந்த எல்லையில் காற்றின் தடை சட்டென்று மாறுவதால் குண்டு தள்ளாடும். அதைவிட ஆச்சரியம் பக்கக் காற்று. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று சாதாரண வேகத் தோட்டாவை 50 மீட்டரில் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால், வேகமான தோட்டாவை அதைவிட அதிகமாக நகர்த்துகிறது. காற்று எவ்வளவு தள்ளும் என்பதைத் தீர்மானிப்பது, குண்டு வழியில் எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதே. வேகமாகக் கிளம்பியது வேகமாக இழக்கிறது. எப்போதோ ஒருமுறை ரேஞ்சுக்கு வருபவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். கொடி பறக்கும் நாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து அட்டையில் சுட்டுக் காட்டினால் நம்புவார்.

ஆக, சாதாரண வேகத் தோட்டா என்று முடிவானபின் எந்த நிறுவனம் என்ற கேள்வி. எஸ்கே, லாபுவா, ஈலி, சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்று வரிசையாக வாங்கிச் சுட்டேன். என் பேரலுக்கு எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் ஒத்துப்போனது. லாபுவா சென்டர்-எக்ஸ் அதைவிடச் சற்று நன்றாகப் போனது, விலைக்கு ஏற்ற அளவுக்கு இல்லை. உங்கள் பேரலுக்கு வேறொன்று ஒத்துப்போகலாம். பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் இன்னொரு 457க்கு என்னுடைய தோட்டா பிடிக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயரைவிடப் பெட்டியில் அச்சிட்ட லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) முக்கியம். அதே பெயர், அதே விலை, வேறு லாட் என்றால் மறுபடி சோதிக்க வேண்டியதுதான். ஈலியும் லாபுவாவும் சோதனைக் கூடங்களே நடத்துகின்றன. போட்டியாளர்கள் ரைஃபிளைக் கொண்டுபோய் பல லாட்களைச் சுட்டு, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு லாட்டிலும் ஓரிரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்ததில் கையிருக்கும் காசுக்கு வாங்கி வைத்துக்கொண்டால் ஒரு வருடம் நிம்மதி.

சோதிக்கும்போது ஐந்து தோட்டா குரூப்பை நம்பாதீர்கள். பத்து சுடுங்கள். அதே ரைஃபிள், அதே தோட்டாவில் பத்துத் தோட்டா குரூப் சராசரியாக ஐந்தைவிடக் கால்பங்கு பெரிதாகத்தான் வரும். அதுதான் உண்மைக்கு நெருக்கம். பிடித்த லாட்டில் காற்றில்லாத நாளில் என்னுடையது 15 முதல் 20 மி.மீ.க்குள் பத்தையும் போடுகிறது. பிடிக்காத லாட்டில் எட்டு அழகாக ஒட்டியிருக்க, இரண்டு மட்டும் வெளியே போய் 30ஐத் தாண்டும். அந்த இரண்டை 'என் கை தவறியது' என்று ஒதுக்கிவிட்டு மீதியை அளப்பது ரேஞ்சில் நடக்கும் பெரிய மோசடி. நாமே நமக்குச் செய்துகொள்வது.

ரைஃபிளில் பார்க்க வேண்டியவற்றில் நான் முதலில் வைப்பது சேம்பர், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி. எதையும் விழுங்கும்படி தளர்வாகக் குடைந்த வேட்டை சேம்பரும் உண்டு, குண்டின் மூக்கு ரைஃப்ளிங்கை (பேரலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள்) தொடும்படி இறுக்கமாகக் குடைந்த மேட்ச் சேம்பரும் உண்டு. 457 வரிசையிலேயே எம்டிஆர் என்ற வடிவம் மேட்ச் சேம்பரோடு வருகிறது. காகிதத்தில் ஓட்டை போடுவது மட்டுமே வேலை என்றால் அதைப் பாருங்கள். ஒரு சிரமம் உண்டு: ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்தால் குண்டில் கோடு விழுந்திருக்கும். அதைத் தனியே வைத்துவிட வேண்டும்.

பேரல் நீளத்துக்குப் பலர் கொடுக்கும் முக்கியத்துவம் தேவையில்லை. .22இல் உள்ள சிட்டிகைப் பவுடர் 40, 45 செ.மீ.க்குள் தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேல் உள்ள நீளம் வேகம் தராது, முன்பாரம் தரும். படுத்துச் சுடுபவருக்கு முன்பாரம் நல்லது. தோளில் போட்டுக்கொண்டு நடப்பவருக்குச் சுமை.

ட்ரிகரில் எடையைவிட முக்கியம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுபடுவது. மெதுவான குண்டு பேரலை விட்டு வெளியேற மூன்று மில்லி நொடி வாக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கை அசைந்தால் அட்டையில் தெரியும். சென்டர்ஃபயரில் மன்னிக்கப்படுகிற அவசரம் இங்கே மன்னிக்கப்படாது. 457இன் ட்ரிகர் எடையைத் திருகில் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தபின் காலி ரைஃபிளின் போல்ட்டைப் பலமாக அடித்து மூடி, தானாக விடுபடுகிறதா என்று பார்த்த பிறகே தோட்டாவைத் தொடுங்கள். காலி ரைஃபிளில் ட்ரிகரை அழுத்திப் பழகும் விஷயத்தில் கையேடு சொல்வதைக் கேளுங்கள். சில மாடல்களில் ஊசி நேராக சேம்பர் விளிம்பில் இடித்துத் தழும்பு போட்டுவிடும். போலித் தோட்டா ஒன்று பையில் கிடந்தால் அந்தக் கவலை இல்லை.

வருடங்கள் போகப் போகத் தெரிந்தவை சில. மரக் கட்டை ஈரத்தை அறியும். மழைக்காலம் முடிந்து எடுத்தபோது குரூப்பின் மையம் நகர்ந்திருந்தது. கட்டையையும் ரிசீவரையும் (போல்ட் இயங்கும் உலோக உடல்) இணைக்கும் திருகுகள் மரத்தோடு சேர்ந்து தளர்ந்திருந்தன. அதிலிருந்து டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் சாவி) ஒன்று ஸ்கோப் பைக்குள்ளேயே இருக்கிறது. திருகின் இறுக்கத்தை மாற்றி மாற்றிச் சுட்டாலே குரூப் வித்தியாசப்படும். நன்றாகப் போன அளவை எழுதி வைத்துக்கொண்டு அதையே திருப்பிப் பிடியுங்கள். இந்தத் தொல்லை வேண்டாதவர்களுக்கு டி1எக்ஸின் பிளாஸ்டிக் கட்டை பொருத்தம், பத்துத் தோட்டா மேகசினும் உண்டு. அழகு என்று கேட்டால் என் பதில் வேறு.

மேகசினிலிருந்து ஏறும்போது மெத்தென்ற ஈய மூக்கு சேம்பர் வாயில் உரசும். நல்ல குரூப் வேண்டிய நாட்களில் மேகசின் இடத்தில் ஒற்றைத் தோட்டா அடாப்டரைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிறேன். இதில் எவ்வளவு லாபம் என்று அளந்து சொல்வது கஷ்டம். அவசரம் குறைகிறது, அது நிச்சயம்.

சுத்தம் செய்வதில் இரண்டு கட்சிகள் உண்டு: தினமும் துடைப்பவர்கள், துடைக்கவே கூடாது என்பவர்கள். நான் நடுவில். .22 குண்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது பேரலுக்குள் ஒரு படலமாகப் படிந்த பிறகே ரைஃபிள் நிலைகொள்கிறது. அடியோடு துடைத்துவிட்டால் முதல் சில தோட்டாக்கள் அங்கும் இங்கும் போகும். தோட்டா நிறுவனத்தை மாற்றினாலும் இதேதான், மெழுகு வேறு. அதனால் பேரலை அடிக்கடி தொடுவதில்லை. ஆனால் சேம்பருக்குச் சற்று முன்னால் கார்பன் ஒரு வளையமாகக் கட்டிக்கொள்ளும், அதை விட்டுவைத்தால் காரணமே தெரியாமல் குரூப் விரியத் தொடங்கும். அந்த இடத்தை மட்டும் கரைப்பானில் ஊறவைத்துத் துடைக்கிறேன். கம்பியைப் பின்பக்கமாக, வழிகாட்டிக் குழாய் போட்டுத்தான் விட வேண்டும். முன்பக்கமாக விட்டால் கம்பி பேரலின் வாய் விளிம்பைத் தேய்க்கும், குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எல்லாம் ஈயம்.

ஸ்கோப் பற்றி ஒன்றே ஒன்று. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பாரலாக்ஸ் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைத்திருக்கும். அதை 50 மீட்டரில் வைத்துப் பார்த்தால் கண் சற்று நகர, குறுக்குக் கம்பியும் இலக்கின் மேல் நகரும். பாரலாக்ஸைத் திருகி அமைக்கக்கூடிய ஸ்கோப்பாக வாங்கிவிடுங்கள். 50இல் நேர் செய்த ரைஃபிள் 100 மீட்டரில் 20 செ.மீ.க்கு மேல் இறங்கிச் சுடும் என்பதால், உயரத்தை மாற்றும் திருகு எண்ணித் திருப்பிய அளவுக்குச் சரியாக நகர்ந்து, திருப்பி விட்டால் பழைய இடத்துக்கே வருவதும் அவசியம்.

இன்று புதிதாக வாங்குவதென்றால்? நடந்து திரிந்து சுட வேண்டுமானால் டி1எக்ஸ். பெஞ்சிலும் படுத்தும் 50 மீட்டர் காகிதம் மட்டும் என்றால், எம்டிஆர் அல்லது கைமாறிய அன்ஷுட்ஸ் 54 ஆக்‌ஷன். ஒலிம்பிக் அளவிலேயே பல காலம் புழங்கிய இயந்திரம் அது. வயது ஒரு குறையல்ல. கைமாறியதை வாங்கும்போது பேரலின் வாய் விளிம்பில் பஞ்சை உருட்டிப் பாருங்கள், நூல் சிக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. சேம்பர் விளிம்பில் ஊசித் தழும்பு உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், உங்கள் கையிலுள்ள தோட்டாவில் பத்துப் பத்தாக மூன்று குரூப் சுட்டுப் பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள். அந்த மூன்றில் பெரியதை வைத்து விலை பேசுங்கள்.