கெப்போங் கப்பூர் மரங்கள்: அண்ணாந்து பார்க்க ஒரு இடம்

கோலாலம்பூரை ஒட்டி கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் பலரும் ஓடவும் மிதிவண்டி ஓட்டவும் வருகிறார்கள். நான் போகச் சொல்வது கற்பூரம் தரும் கப்பூர் மரங்களுக்காக.

அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் இலைகள் பக்கத்து மரத்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு உச்சியைச் சுற்றியும் வானம் வளைந்து வளைந்து ஓடுகிறது, வறண்ட குளத்துச் சேற்றில் விழுந்த வெடிப்பு மாதிரி. காற்று வீசினால் உச்சிகள் சாய்கின்றன, இடைவெளி ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகலமாகிறது. "இதுங்களுக்குள்ள சண்டையாம்மா?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்விதான், ஏனென்றால் ஆராய்ச்சியாளர்களே ஒரே பதிலைச் சொல்வதில்லை.

காற்றில் கிளைகள் உரசி நுனி ஒடிவதால் இப்படி ஆகிறது என்பது ஒரு கட்சி. கோஸ்டா ரிகாவின் அலையாத்திக் காட்டில் செய்து 1984-இல் வெளியான ஆய்வு அதைத்தான் காட்டியது. ஆனால் 1977-இல் மலேசியத் தாவரவியலாளர் பிரான்சிஸ் இங் இங்குள்ள கப்பூர் மரங்களை ஆராய்ந்தபோது உரசிய அடையாளம் கிடைக்கவில்லை. பக்கத்து மரத்தை நெருங்க நெருங்க வெளிச்சம் குறைகிறது, வளரும் நுனி அதை உணர்ந்து நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. ஆடும் உச்சிகளைப் பார்த்தால் உரசல்தான் காரணம் என்று தோன்றும். இருந்தாலும் இந்த மரங்களைப் பொறுத்தவரை நான் அவர் பக்கம்.

கீழே கிடக்கும் பச்சை இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசம் வரும். இந்த மரத்தின் கற்பூரத்துக்காகத்தான் அந்தக் காலத்தில் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தைத் தேடிப் போனார்கள். ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழு 1088-இல் அங்கே தமிழில் கல்வெட்டே வைத்திருக்கிறது.

இன்னொன்று, இது ஆதிக்காடு இல்லை. வெள்ளீயம் தோண்டிய குழிகளும் காய்கறித் தோட்டங்களும் கிடந்த நிலத்தில் 1920-களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்தது. 2025-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஒரே இனத்தைச் சேர்த்து நட்டதால்தான் இடைவெளி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. பல இனங்கள் கலந்த காட்டில் இப்படிக் கண்ணில் படாது.

காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். கொசு மருந்து அவசியம். கழுத்து வலி உள்ளவர்கள் ஒரு பாய் எடுத்துப் போய்ப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். ஐந்துக்கு ஐந்து.