லாலி ரெஜிமென்ட் என்ற பெயரில் விற்கப்படும் ஈயச் சிப்பாய்கள்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களின் பொம்மைச் சிப்பாய்களைச் சேர்க்கிறவர்கள், அதிலும் ஏழாண்டுப் போர் (1756–63) காலத்துப் பிரெஞ்சுப் படையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள். இணையத்தில் விற்கும் ஒரு டீலர் என்னிடம் 640 பவுண்டு வாங்கிக்கொண்டு, "லாலி ரெஜிமென்ட், எட்டு உருவம், 1930களில் பாரிஸில் மின்யோ வார்த்தது, அசல் பெயின்ட், அசல் பெட்டி" என்று எழுதி அனுப்பியது அத்தனையும் பொய். (மின்யோ என்பது பொம்மைச் சிப்பாய் செய்யும் பழைய பாரிஸ் நிறுவனம்.) வந்தவை சமீபத்தில் வார்த்த பிரிட்டிஷ் கிரனேடியர்கள் (காலாட்படையின் பொறுக்கியெடுத்த வீரர்கள்). காலரிலும் கைமடிப்பிலும் பச்சை அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் லாலி என்று கேட்பவர்களுக்கு: 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டின் படையும் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையும் மோதின. ஐரோப்பாவில் லாய்தனிலும் ராஸ்பாக்கிலும் நடந்த அதே ஏழாண்டுப் போரின் நம்மூர்க் களம் அது. பிரெஞ்சு இடது முனையில் குளக்கரை அரணில் வெடிமருந்து வண்டி வெடித்தது, பிரெஞ்சு லொரேன் ரெஜிமென்ட் நெருக்கமாக அணிவகுத்து வந்து ஐர் கூட்டின் ஆட்கள் சுட்டதில் சிதறியது, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டது, அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது, கடைசியில் 1766இல் பாரிஸில் லாலியின் தலையையே வெட்டியது என்று அந்தக் கதை முழுவதையும் ஒரு மேசை மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் பொம்மை செய்கிறவர்களுக்கு வந்தவாசி பெரிய சந்தை இல்லை. பிரஷ்யர்கள் எங்கே பார்த்தாலும் கிடைப்பார்கள், அமெரிக்கச் சுதந்திரப் போர் குவிந்து கிடக்கும், லாலியின் ஆட்கள் மட்டும் கண்ணில் படவே மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயரைப் போட்டவுடன் விலை ஏறுகிறது.

ஏமாற்றுவதற்கு வசதியான இன்னொரு காரணமும் உண்டு. லாலியின் ரெஜிமென்ட் பிரெஞ்சு மன்னருக்காகச் சண்டை போட்ட அயர்லாந்துப் படை. பிரெஞ்சுக் காலாட்படையில் பெரும்பாலோர் வெள்ளை அல்லது வெளிர்சாம்பல் கோட்டு போட்டிருந்தபோது இவர்கள் சிவப்பில் இருந்தார்கள், காலரும் கைமடிப்பும் பச்சை. ஆகவே யாராவது மலிவான பிரிட்டிஷ் செட் ஒன்றை வாங்கி, நாலு இடத்தில் பச்சை தடவி, கொடியை மாற்றிவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது லாலியாகத்தான் தெரியும். இந்த டீலர் செய்தது அச்சு அசலாக அதுதான்.

விளம்பரத்தில் இருந்த படத்தில் முன்வரிசையில் முக்கோணத் தொப்பி போட்ட அதிகாரியும் கொடி பிடிப்பவரும் தெரிந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் கலங்கலாக இருந்தார்கள். ஒவ்வொரு உருவத்தையும் தனியாக, பீடத்தின் அடிப்பக்கம் தெரிய, படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உடனே அனுப்பினார். தெளிவான, நல்ல படங்கள். நிஜமாகவே பழைய ஈயம், பெயின்ட் ஓரங்களில் இயல்பாகத் தேய்ந்திருந்தது. அந்தப் படங்கள் வேறு ஒரு செட்டுடையவை என்பது பார்சலைப் பிரித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது: படத்தில் பீடங்கள் செவ்வகம், கையில் இருந்தவை சதுரம். இப்படிக் கேட்டதற்கு வேறு பொருளின் படத்தைத் தருவதை மறதி என்று யாரும் சொல்ல முடியாது.

பார்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு உருவங்களையும் ஒரே செய்தித்தாளில் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்திருந்தார், இரண்டு துப்பாக்கிகளின் முனைக்கத்தி ஒடிந்து தனியாகக் கிடந்தது. சரி, ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒன்றைக் கையில் எடுத்தேன், எடுத்த உடனேயே கனம் சரியில்லை. மின்யோ செய்தவை உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டி வார்ப்பு, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். காரீயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயம் 7.3தான். இன்று வார்ப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளீயம் கூடிய கலவையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பீடத்தின் அடியை வெள்ளைக் காகிதத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். காரீயமாக இருந்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். இதில் ஒன்றும் விழவில்லை.

அப்புறம் தொப்பி. பின்வரிசை ஆட்கள் எல்லாரும் உயரமான கூர்குல்லாய் போட்டிருந்தார்கள். அது பிரிட்டிஷ் கிரனேடியர் குல்லாய். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கிரனேடியர்களுக்கு முக்கோணத் தொப்பியோ கரடித்தோல் குல்லாயோதான். பிரிட்டிஷ் குல்லாயின் முன்பக்கம் கீழே ஒரு சின்ன மடிப்பு இருக்கும், அதில் பிரிட்டிஷ் அரச வம்சமான ஹனோவரின் வெள்ளைக் குதிரை பாயும். இவற்றில் அந்த மடிப்புக்குப் பச்சை அடித்து மேலே மஞ்சளில் ஒரு பிரெஞ்சு லில்லிப் பூ வரைந்திருந்தார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தேன். பச்சைப் பெயின்டுக்கு அடியில் குதிரையின் பின்னங்காலும் நீட்டிய வாலும் மேடாகத் துல்லியமாகத் தெரிந்தன, லில்லிப் பூவின் ஒரு இதழ் நேராக அதன் வயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. மார்பில் பொத்தான் துளைகளைச் சுற்றிப் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகள் போட்டுக்கொள்ளும் பின்னல் பட்டையும் அப்படித்தான்: வார்ப்பில் புடைப்பாக இருக்கிறது, மேலே சிவப்பை அடித்து மறைத்திருக்கிறார்கள்.

சிவப்புப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த லேபிள் டீத்தண்ணீரில் நனைத்தது போலப் பழுப்பாக, பார்க்க அழகாகவே இருந்தது. புற ஊதா டார்ச் அடித்தேன், பளீரென்று நீலமாக மின்னியது. காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வுப் பொருளைச் சேர்க்கும் வழக்கம் 1950 வாக்கில் தொடங்கியது. 1930களின் லேபிள் அப்படி மின்னாது. அந்த டார்ச் பத்துப் பவுண்டுக்குள் கிடைக்கிறது, ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களோடு எழுதினேன். முதல் பதில்: "ஐம்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்குச் சொல்லித்தர வேண்டாம்." அடுத்தது: "துப்பாக்கியை உடைத்தது நீங்கள்தான்." அதற்கடுத்து: "நான் கடைக்காரர் இல்லை, தனியாள், சொந்தச் சேகரிப்பை விற்கிறேன், திருப்பி எடுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை." இந்தக் கடைசி வாதத்தை நன்றாகக் கவனியுங்கள். இங்கே இணையத்தில் வியாபாரியிடம் வாங்கினால் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனியாளிடம் வாங்கினால் இந்த இரண்டும் கிடையாது, சொன்னதும் கொடுத்ததும் வேறு என்று நிரூபித்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான செட்டுகளை வாரம் தவறாமல் விற்கிறவர் வாயால் சொன்னதாலேயே தனியாள் ஆகிவிட மாட்டார். ஐம்பது வருடமாகத் தொழில் என்று அவரே எழுதிய வரியை அவருக்கே திருப்பி அனுப்பினேன், பதில் நின்றுவிட்டது.

உண்மையான சூழ்ச்சி ரசீதில் இருந்தது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். (வங்கிக்கு நேரடியாக அனுப்பினாலோ பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் கொடுத்தாலோ ஐந்து சதவீதம் குறைப்பதாகச் சொன்னார். அப்படிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.) 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒரு பொருளுக்கு விற்றவரைப் போலவே கார்டு நிறுவனமும் பொறுப்பு. அந்த 100 பவுண்டு என்பது ஒரு பொருளின் விலை, மொத்த பில் அல்ல. இவர் ரசீதில் "640" என்று போடாமல், எட்டு வரியில் எட்டு உருவம், ஒவ்வொன்றும் 80 பவுண்டு என்று பிரித்துப் போட்டிருந்தார்! வங்கி முதலில் அதைக் காட்டித்தான் மறுத்தது. விளம்பரத்தை நான் அன்றே படமெடுத்து வைத்திருந்தேன், அதில் "செட்டாக மட்டுமே, பிரித்து விற்பதில்லை" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதை அனுப்பி, செட் என்பது ஒரே பொருள் என்று எழுதி, மறுத்தால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் சொன்ன பிறகு முழுப் பணமும் வந்தது. விளம்பரம் விற்றவுடன் மறைந்துவிடும், ஆகவே பணம் கட்டும் முன்பே படமெடுத்து வைப்பது அவசியம்.

இதே வேலையை வேறு படைகளிலும் செய்கிறார்கள். அமெரிக்கப் போருக்கு பிரிட்டன் கூலிக்கு அமர்த்திக் கொண்டுபோன ஜெர்மானியச் சிப்பாய்களான ஹெஸ்ஸியர்களின் சீருடை பிரஷ்யாவைப் பார்த்து அமைத்தது. ஆகவே ஹெஸ்ஸியர்களை லாய்தன் பிரஷ்யர்கள் என்று கூடுதல் விலைக்குத் தள்ளுகிறார்கள். குல்லாயின் தகட்டில் இருப்பது சிங்கமா கழுகா என்று பாருங்கள், சிங்கம் என்றால் ஹெஸ்ஸியர். நியூரம்பெர்க் தட்டை உருவங்களில் ஏமாற்று இன்னும் நுணுக்கமானது: அவை கற்பலகையில் செதுக்கிய அச்சில் வார்ப்பவை, பழைய அச்சுகள் நிறையப் பிழைத்திருக்கின்றன, அதில் நேற்று வார்த்ததை "பழைய அச்சு" என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் பழைய உருவத்தின் விலைக்கு அது பெறாது.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம், நான் திருப்பி அனுப்பிய அதே எட்டுப் பேரும் மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டார்கள். ஒட்டிய இரண்டு துப்பாக்கிகளையும் வைத்து அடையாளம் தெரிகிறது. இந்த முறை படத்தை மேலிருந்து எடுத்திருக்கிறார்கள், குல்லாயின் முன்பக்கமே தெரியவில்லை, விலை 720. நீங்கள் பார்க்கும் செட் அதுதானா என்று சந்தேகம் வந்தால், குல்லாய் மடிப்பைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம், பீடத்தின் அடியில் ஒரு படம், ஒற்றை உருவத்தைச் சமையல் தராசில் வைத்து ஒரு படம், மூன்றிலும் அன்றைய தேதி எழுதிய சீட்டு பக்கத்தில் இருக்கும்படி கேளுங்கள். நேர்மையான டீலர்கள் இதை அலுக்காமல் அனுப்புகிறார்கள். அனுப்ப மறுத்தால் அந்த செட்டை விட்டுவிடுங்கள், லாலி என்று எழுதியிருந்தாலும் சரி.