சுருக்கப் பதிப்பா, படக்கதையா, முழு நூலா: பிள்ளைகளோடு சாகச நாவல் வாசிக்க எது ஏற்றது?

தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் பழைய சாகச நாவல்களை அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோருக்குப் பினாங்கில் நான்கு வழிகள் இருக்கின்றன: ஓவியங்களோடு வரும் சுருக்கப் பதிப்பு, படக்கதை, மூலநூல், தமிழில் வெளிவந்த சுருக்க மொழிபெயர்ப்பு. எங்கள் வீட்டு அலமாரியில் நான்குமே உண்டு. ஆயினும் 9 வயது மகளோடும் 12 வயது மகனோடும் உட்கார்ந்து வாசிப்பதற்கு நான் தேர்ந்தெடுத்தது ஓவியச் சுருக்கப் பதிப்பைத்தான். எல்லாச் சுருக்கப் பதிப்புகளையும் அல்ல. ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும். நான் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்த நிபந்தனையைப் பற்றியதே.

விலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சௌரஸ்தா சந்தையின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் சுருக்கப் பதிப்புகள் மலிவாகவே கிடைக்கின்றன. மூலநூல்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவையும் எட்டாத விலையில் இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் பசையால் ஒட்டிய புத்தகம் எதுவானாலும் சில ஆண்டுகளில் முதுகு விட்டுப்போகும் என்பதால், நீடித்து உழைப்பதையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை.

படக்கதையை நான் தாழ்வாக நினைக்கவில்லை. முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த என் கணவர் அதன் பக்கம்தான் பேசுவார். வாசிப்பில் நாட்டமே இல்லாத பிள்ளையை இழுத்து உட்கார வைக்க அதற்கு நிகர் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஆல்பர்ட் கேன்டர் 1941இல் தொடங்கி, பின்னர் கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்று பெயர் பெற்ற படக்கதை வரிசை, மூலநூலையும் தேடிப் படிக்கும்படி இதழின் முடிவில் வாசகரைக் கேட்டுக்கொண்டது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் படக்கதையில் கதைசொல்லியின் இடத்தை ஓவியர் எடுத்துக்கொள்கிறார். சிறுவனையும் கப்பலையும் நாம் வெளியே நின்று பார்க்கிறோமே தவிர, சிறுவனின் கண்ணுக்குப் பின்னால் இருந்து பார்ப்பதில்லை.

மூலநூலை முழுமையாக வாசிப்பதே உயர்ந்த வழி என்பதில் ஐயமில்லை. பிள்ளையின் ஆங்கிலம் அதற்கு இடம் கொடுத்தால் வேறு எதையும் நாட வேண்டியதில்லை. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1881-82இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக வந்து 1883இல் நூலானது. அதன் 34 அத்தியாயங்களில் பெரும்பாலானவை ஓர் இரவில் சத்தமாக வாசித்து முடிக்கும் அளவினவே. தடையாக நிற்பது நீளம் அல்ல. பாய்மரக் கப்பலின் உறுப்புகளுக்கான பெயர்களும் மாலுமிகளின் கொச்சைப் பேச்சும்தான். டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' இன்னும் கடினமானது. 1719இல் வந்த அந்நூல் அத்தியாயப் பிரிவே இல்லாமல் எழுதப்பட்டதால், இன்றிரவு எங்கே நிறுத்துவது என்பதைக்கூட வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். அட்டையைப் பார்த்து முழு நூல் என்று நம்பிவிடவும் முடியாது: ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் நாவலை 1870களில் ஆங்கிலப்படுத்திய மெர்சியர், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டிவிட்டார், அந்த மொழிபெயர்ப்பே நெடுங்காலம் முழு நூலாகக் கைமாறி வந்தது.

இனி என் நிபந்தனைக்கு வருகிறேன். சுருக்கியவர் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டட்டும்; கதையை யார் சொல்கிறார் என்பதை மட்டும் மாற்றக் கூடாது. 'புதையல் தீவு' ஜிம் ஹாக்கின்ஸ் தன் வாயால் சொல்லும் கதை. எங்களிடமுள்ள இரு சுருக்கப் பதிப்புகளில் ஒன்று அவனை 'நான்' என்று பேச விடுகிறது. மற்றொன்று 'ஜிம் சென்றான், ஜிம் கண்டான்' என்று படர்க்கைக்கு மாற்றிவிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன், ஒரே அளவு எழுத்து. ஆப்பிள் பீப்பாய் வரும் இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் வேறுபாடு விளங்கும்.

மூலத்தில் ஜிம் ஒற்றறியப் போகவில்லை. வேலை முடித்துப் படுக்கப் போகிறவனுக்கு ஆப்பிள் தின்ன வேண்டும் என்று தோன்றுகிறது. பீப்பாய் ஏறக்குறைய காலியாகிவிட்டதால் உடம்போடு உள்ளே இறங்குகிறான். இருட்டிலும் அலையோசையிலும் கப்பலின் ஆட்டத்திலும் கண் சொருகும் வேளையில், கனத்த ஆள் ஒருவன் பீப்பாய் மீது சாய்ந்து உட்கார்கிறான். குரல் கப்பலின் சமையல்காரன் சில்வருடையது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் காதில் விழுவதற்குள், கப்பலிலுள்ள நல்லவர்கள் அனைவரின் உயிரும் தன் ஒருவனைச் சார்ந்திருக்கிறது என்று ஜிம்முக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தின் கடைசியில், தனக்கு ஓர் ஆப்பிள் எடுத்துத் தரும்படி சில்வர் ஓர் இளைஞனிடம் சொல்ல, அவன் எழுந்திருக்கும் ஓசையை ஜிம் உள்ளிருந்தபடி கேட்கிறான். ஆப்பிள் வேண்டாம், ரம் குடிப்போம் என்று இன்னொருவன் சொன்னதால் ஜிம்மின் உயிர் தப்புகிறது. படர்க்கைப் பதிப்பு இதையெல்லாம் 'மாலுமிகளின் சதியை அறிய ஜிம் பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டான்' என்று ஒரே வரியில் முடிக்கிறது. பசித்த பையன் துப்பறிவாளன் ஆகிவிட்டான்; தற்செயலாய் வந்த பயம் திட்டமிட்ட வீரம் ஆகிவிட்டது. 'நான்' என்று எழுதும் பதிப்பால் இப்படித் திரிக்க முடியாது, ஏனெனில் தன் பசியையும் தூக்கத்தையும் சொல்லாமல் ஜிம்மால் அந்தப் பீப்பாய்க்குள் போக முடியாது.

மகள் இதைத் தன் வழியில் கண்டுகொண்டாள். அந்த இடத்தை வாசிக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, அவன்தானே இந்தக் கதைய சொல்றான்? அப்போ அவன் சாகல தானே?" என்று கேட்டாள். தன்மையில் சொல்லப்படும் கதை சிறு பிள்ளைக்குத் தரும் தைரியத்தை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. பயங்கரமான இடங்களைத் தாண்டுவதற்கு அது ஒரு கைப்பிடி. படர்க்கைப் பதிப்பில் அந்தக் கைப்பிடி இல்லாததால்தானோ என்னவோ, பல பதிப்புகளில் பயங்கரங்களும் மழுக்கப்பட்டிருக்கின்றன.

கடையில் நின்றபடியே இதைச் சோதித்துவிடலாம். முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரபுவும் மருத்துவரும் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுவதாகவும், இன்னும் எடுக்கப்படாத புதையல் அங்கே இருப்பதால் தீவின் இருப்பிடத்தை மட்டும் மறைப்பதாகவும் ஜிம் சொல்கிறானா? சொன்னால் பாதி நம்பலாம். அடுத்து, மூலத்தில் 16 முதல் 18 வரையுள்ள அத்தியாயங்களை டாக்டர் லிவ்சி சொல்கிறார். ஜிம் கூட இல்லாத நேரத்தில் நடப்பவை என்பதால் ஸ்டீவன்சன் கதையை அவர் கையில் கொடுக்கிறார். அந்தக் கைமாற்றத்தைக் காப்பாற்றியிருக்கும் சுருக்கப் பதிப்பு, கவனமுள்ள ஒருவரால் வெட்டப்பட்டது என்று கொள்ளலாம்.

கதைசொல்லியைக் காப்பாற்றுவது என்றால் அவன் குறைகளையும் காப்பாற்றுவதுதான். குரூசோ தீவில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான் என்பது எல்லாச் சுருக்கப் பதிப்புகளிலும் வரும். அவன் ஏன் அந்தக் கப்பலில் ஏறினான் என்பது சிலவற்றில் வராது. பிரேசிலில் அவனுக்குத் தோட்டம் இருந்தது. தன் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்டபோதுதான் கப்பல் உடைந்தது. அதற்கு முன்பே, தன்னோடு தப்பி வந்த சூரி என்னும் சிறுவனை அவன் போர்த்துகீசியக் கப்பல் தலைவனிடம் விற்றிருக்கிறான். இவற்றையெல்லாம் குரூசோ தன் வாயாலேயே, பெரிதாய்க் கூசாமல் சொல்கிறான். சுருக்கியவர் இவற்றை நீக்கும்போது, குரூசோ தன்னைக் காட்டிக்கொண்டதைவிட நல்லவனாகப் பிள்ளைகளுக்கு அறிமுகமாகிறான். ரப்பர்த் தோட்டங்களுக்காகக் கப்பலில் ஏற்றி வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. அடிமைமுறையும் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிட்டு, தோட்ட முதலாளி ஒருவன் சொன்ன கதையாக அதை வாசித்தபோது என் மகன் அதிகக் கவனத்தோடு கேட்டான்.

ஓவியங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்புறத்தில் கோட்டோவியம் வைக்கும் சிறு பதிப்புகளில், வாசிப்பதற்கு முன்பே பிள்ளையின் கண் படத்துக்குப் போய்விடுகிறது, நடக்கப்போவது தெரிந்துவிடுகிறது. நாங்கள் ஓர் அட்டையால் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு வாசிக்கிறோம். நல்ல ஓவியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, என்.சி. வையத் 1911இல் 'புதையல் தீவு' நூலுக்கு வரைந்தவை சான்று. ஜிம் வீட்டைவிட்டுப் புறப்படும் ஓவியத்தில் அவன் தாய் முகத்தைப் பொத்தி அழுகிறாள். நூலிலோ அம்மாவிடம் விடைபெற்றதாக ஜிம் ஒரு வரியில் கடந்து போகிறான். சொல்பவன் சொல்லாமல் விட்டதை ஓவியர் தந்திருக்கிறார். வரைபடம் இல்லாத 'புதையல் தீவு' பதிப்பை மட்டும் வாங்காதீர்கள்: வளர்ப்பு மகனோடு இருந்தபோது ஸ்டீவன்சன் வரைந்த வரைபடம் ஒன்றிலிருந்துதான் அந்த நாவலே பிறந்தது.

தமிழ்ச் சுருக்கங்களைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. என் கைக்கு வந்தவை மிகச் சில, அவற்றிலும் ஓவியங்கள் குறைவு. ஆகவே ஆங்கிலப் பத்தியை வாசித்துவிட்டு அதையே தமிழில் சொல்லும் பழக்கத்தை வைத்துக்கொண்டோம். அப்படிச் சொல்லும்போதும் 'நான்' என்றே சொல்கிறேன். பதின்ம வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இந்த முறை ஒத்துவருமா என்பதை மகன் வளர்ந்த பிறகே சொல்ல இயலும்.

வெர்னின் 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' போன்ற படர்க்கை நாவலுக்கு என் நிபந்தனை பொருந்தாது. 37 அத்தியாயங்களில் நிறைய வெட்டினாலும் அது அவ்வளவாய்க் கெடுவதில்லை. அதில் வரும் ரங்கூன் என்னும் கப்பல் மலாக்கா நீரிணை வழியாகச் சென்று சிங்கப்பூரில் நிலக்கரி ஏற்றிக்கொள்கிறது. எங்கள் பதிப்பில் அது ஒரே வாக்கியம். கப்பல் ஏன் பினாங்கில் நிற்கவில்லை என்று பிள்ளைகள் கேட்டதால் மூலநூலிலிருந்து அந்த அத்தியாயத்தை மட்டும் தனியே வாசித்தோம். இவ்வகை நாவலுக்குப் பயணப்பாதை அச்சிட்ட பதிப்பையே தேடி வாங்குவது நல்லது. கிடைக்காவிட்டால் பள்ளி அட்லஸைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால் போதும்.